முதல் கேள்விக்கு ஓம் சொல்லாத வீடு

லக்ஷிகாவுக்கு ஜெர்மன் வராது என்று யாராவது சொன்னால் அது முழுப்பொய். வரும். ஒழுங்காக வராது, அவ்வளவுதான். ஆண்பால் சொல்லைப் பெண்பாலாக்குவாள், வசனத்தின் கடைசியில் நிற்கவேண்டிய வினைச்சொல்லை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவாள், ஆனால் வாய் மட்டும் நிற்காது. வகுப்பில் இருந்த மற்றப் பத்துப் பேரும் ஒரு வசனத்தை மனதுக்குள் இஸ்திரி போட்டு முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார்கள். இவள் கசங்கியதையே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள்.

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக இருந்தவள். ஆக்லாந்துக்கு மாணவர் விசாவில் வந்து, மனுகாவில் முதியோர் பராமரிப்பு படித்து, இப்போது பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே அவள் குளிப்பாட்டலாம், உணவூட்டலாம், படுக்கை விரிப்பு மாற்றலாம். மருந்து வண்டியை மட்டும் தொடக்கூடாது. அது தன்னைக் கடந்து உருண்டு போகும் ஒவ்வொரு முறையும் அவள் கை தானாக அதன் பக்கம் நீளும், பிறகு இழுத்துக்கொள்வாள். இங்கே தாதியாகப் பதிவெடுக்கும் வழி நீண்டுகொண்டே போனது; விசாவோ ஏழு மாதத்தில் முடிகிறது. ஜெர்மனியில் தாதிகளுக்குத் தட்டுப்பாடு என்று போன வருடம் கேள்விப்பட்ட வாரமே, மனுகாவில் ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள். மறுபடியும் தாதியாக வேண்டும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை; அதற்குக் கீழே இறங்கிப் பேரம் பேசவும் தயாராக இல்லை.

வகுப்பை நடத்தியவர் கெல்லர் அம்மையார். அறுபது வயது, நரைத்த கட்டைத் தலைமயிர், மலையேறும் சப்பாத்து. வாரநாளில் படித்ததைச் சனிக்கிழமை வெளியே கொண்டுபோய் நடத்திப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால் கோர்ஸின் கடைசி ஏழு வாரமும் சனிக்கிழமைதோறும் ஒரு பயணம். காலையில் போய் மாலையில் திரும்புவது. படகிலோ ரயிலிலோ கால் வைத்த நிமிடத்திலிருந்து ஜெர்மன் மட்டும்தான். வாய் தவறி ஆங்கிலம் பேசியவர் நூறிலிருந்து ஒன்று வரை ஜெர்மனில் தலைகீழாக எண்ணவேண்டும். வழிகாட்டியாக ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் இருப்பார். நேர அட்டவணை பார்ப்பது, ஊரின் கதையைச் சொல்வது, எல்லாரையும் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் அவர் பொறுப்பு.

முதல் சனிக்கிழமை டெவன்போர்ட். படகை விட்டு இறங்கி, ஊருக்குப் பின்னாலிருந்த சின்ன மலையில் ஏறினார்கள். உச்சியில் ஜெர்மன் சுற்றுலாப் பயணிகள் இருவர், வயதான கணவனும் மனைவியும், ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வகுப்பே ஒதுங்கி நிற்க, லக்ஷிகா நேரே போய், “உங்கள் முழங்கால் எப்போதிலிருந்து கெட்டது?” என்று ஆரம்பித்துவிட்டாள். கேள்வியில் மூன்று பிழை. அந்த அம்மா இருபது நிமிடம் பதில் சொன்னார். கெல்லர் அம்மையார் தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டார். லக்ஷிகாவுக்கு மலையை விட உயரமாக நிற்பதுபோல் இருந்தது.

கெல்லர் அம்மையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் ஒரு தடவைதான் கேட்பார். “யார் வாசிக்கிறீர்கள்?” என்பார். தலையாட்டினால் தருவார், இல்லை என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார். கோபம் கிடையாது. வந்த பதிலை அப்படியே நம்புவது அவருடைய மரியாதை.

லக்ஷிகா தங்கியிருந்த வீட்டில் மரியாதை வேறு மாதிரி. அது பக்குரங்காவில், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணா மகேசன் மாமாவின் வீடு. மாமா பேருந்து ஓட்டுகிறார். பத்மாவதி மாமி பென்ரோஸில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அந்த வீட்டில் முதல் கேள்விக்கே ‘ஓம்’ என்று சம்மதிப்பது கெட்ட பழக்கம். வீட்டுக்கு யாராவது வந்தால் மாமி வாசலிலேயே ஆரம்பிப்பார்.

“தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

“ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்.”

“கொஞ்சமாக் குடியுங்கோவன்.”

“வேண்டாம், வேண்டாம். கரைச்சல்படாதேங்கோ.”

“சீனி எத்தினை கரண்டி?”

மூன்றாவது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் மூன்றாவதுக்கு வந்தால் மாமி அவர்களைப் பற்றி, “சாப்பாட்டைக் காணாத மாதிரி அலையுதுகள்” என்பார். லக்ஷிகா வளர்ந்த வீட்டிலும் இதே சட்டம்தான். முதலில் கேட்பது ஒப்புக்கு, திரும்பக் கேட்பதுதான் மனதாரக் கேட்பது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, நெற்றியில் திருநீறு பூசக் கற்றதுபோல் தானாக வந்தது.

ஆறாவது சனிக்கிழமை ரங்கிட்டோட்டோ தீவு. இறங்குதுறையில் தூரிகை வைத்துச் சப்பாத்தின் அடியைத் தேய்த்துவிட்டுத்தான் நடக்க ஆரம்பிக்கவேண்டும்; வெளியூர் விதை ஒன்றும் தீவுக்குள் போகக்கூடாது. அன்று வெயில் கடும். பாதையின் இரண்டு பக்கமும் எரிமலை கக்கிய கறுப்புக் கல் குவிந்து கிடந்தது. உச்சிக்கு ஒரு மணி நேரம். மேலே போய், வேர்த்து விறுவிறுத்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கெல்லர் அம்மையார் எழுந்து நின்றார்.

“அடுத்த சனிக்கிழமை கடைசிப் பயணம். புஹோய்க்குப் போகிறோம். நம்முடன் பிராண்ட் அம்மையார் என்று ஒருவர் வருவார். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் தலைமைத் தாதி. இந்த முறை அவர் நம் வகுப்பிலிருந்து ஒருவரை எடுப்பார். அறைக்குள் உட்காரவைத்து நேர்முகம் வைக்க அவருக்கு விருப்பமில்லை. வழிகாட்டுபவருடன் நாள் முழுவதும் நடந்து பேசிப் பார்ப்பாராம்.” பிறகு திரும்பி, “லக்ஷிகா, நீங்கள் வழிகாட்டுகிறீர்களா?” என்று கேட்டார்.

இரண்டு வருடமாக அவள் காத்திருந்த கேள்வி அது. மனது ஓம், ஓம் என்றது. வாய் என்ன செய்தது தெரியுமா? பல் தெரியச் சிரித்தது. பிறகு, அந்தக் கோர்ஸில் அவள் பேசியதிலேயே பிழை இல்லாத ஒரே வசனத்தைச் சொன்னது.

“இல்லை, நன்றி. என்னைவிட நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.”

சொல்லிவிட்டு, முகத்தில் அந்தச் சிரிப்பையும் வைத்துக்கொண்டு, இரண்டாம் கேள்விக்காகக் காத்து நின்றாள்.

“நல்லது,” என்றார் கெல்லர் அம்மையார். “வேறு யார்?”

ரவினேஷ் கையைத் தூக்கினான். ஃபிஜியிலிருந்து வந்தவன், அவனும் தாதி, அவனும் இங்கே பராமரிப்பு வேலையில் மாட்டிக்கொண்டவன். அவன் பெயரைக் கெல்லர் அம்மையார் எழுதி, புத்தகத்தை மூடி, பைக்குள் போட்டார். ஓர் ஆயுளத்தனை நீளமான அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

இறங்கி வரும் வழியெல்லாம் லக்ஷிகா கெல்லர் அம்மையாரின் பக்கத்திலேயே நடந்தாள். கேட்பார், கேட்பார் என்று. அம்மையார் மரங்களின் பெயரைக் கேட்டார், ஜெர்மனில். படகில் ஏறினார்கள். படகு நகரத்துக்கு வந்தது. நன்றாக வார இறுதியைக் கழிக்கும்படி வாழ்த்திவிட்டு அம்மையார் போயே போய்விட்டார். அப்போதுதான் லக்ஷிகாவுக்கு உறைத்தது. இறங்குதுறையில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்தது கோபம், அதுவும் தன் மேலேயே.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் வைத்து மாமியிடம் சொன்னாள். மாமி முதலில் பூரித்துப்போனார்.

“நல்ல பிள்ளை. கேட்டவுடனை ஓம் எண்டு பாயாமல் விட்டியே, அதுதான் வளர்ப்பு.”

“மாமி, அவ திருப்பிக் கேக்கேல்லை.”

“கேப்பா. நாளைக்குக் கேப்பா.”

“கேக்கமாட்டா, மாமி. வேறை ஆளுக்குக் குடுத்திட்டா. அவையின்ரை ஊரிலை ஒருக்கால்தான் கேக்கிறது.”

மாமி கறிக்கு உப்புப் பார்க்கத் திரும்பிவிட்டார். பேச்சென்றால் வாய் ஓயாத மாமி அன்று மத்தியானம் முழுக்க அதிகம் கதைக்கவில்லை.

லக்ஷிகா அன்றைக்கே கெல்லர் அம்மையாருக்குத் தொலைபேசி எடுத்தாள். “நான் இல்லை என்றேன். ஆனால் எனக்கு வேண்டும்,” என்றாள். அம்மையார் நேராகவே பதில் சொன்னார். “நீங்கள் சொன்னதை நான் நம்பினேன், லக்ஷிகா. இப்போது ரவினேஷ் தயார் செய்யத் தொடங்கியிருப்பார். கொடுத்ததைப் பறிக்க என்னால் முடியாது. அவரிடமே கேளுங்கள்.”

ரவினேஷிடம் கேட்டாள். அவனுடைய தமிழ் ஃபிஜியில் அம்மன் கோயில் பூசையோடு நின்றுவிட்ட தமிழ். அதனால் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அவன் சுற்றி வளைக்கவில்லை. “சாரி சிஸ்டர். எனக்கும் அந்த வேலை வேண்டும். என்னைக் கேட்டார்கள், நான் யெஸ் என்றேன்.” அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் லக்ஷிகாவுக்கு எரிச்சல். அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

ஆனால் பயணத்துக்கு வரக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே. திங்கள் முதல் வெள்ளி வரை, முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டே வாய்க்குள் ஜெர்மன் பேசினாள். காயம், தையல், காய்ச்சல், இரத்த அழுத்தம். அறையிலிருந்த கிழவர் ஒருவர், “நீ என்ன மந்திரமா சொல்கிறாய்?” என்று கேட்டார். “ஓம், அப்படித்தான்,” என்றாள்.

சனிக்கிழமை வான் வண்டி ஒன்றில் வடக்கே புஹோய்க்குப் போனார்கள். நூற்றறுபது வருடத்துக்கு முன்னர் பொஹீமியாவிலிருந்து ஜெர்மன் பேசும் குடும்பங்கள் வந்து காடு வெட்டிக் குடியேறிய சின்னக் கிராமம். மரத்தால் கட்டிய வெள்ளைத் தேவாலயம், ஒரு சின்னக் காட்சியகம், பழைய மதுக்கடை, பக்கத்தில் மெதுவாக ஓடும் ஆறு. ரவினேஷ் எட்டுப் பக்கம் தட்டச்சு செய்து, மனப்பாடமும் செய்து வந்திருந்தான். ஒரு பிழை இல்லை. பிராண்ட் அம்மையார், ஐம்பது வயதிருக்கும், உயரமானவர், குறுக்கே, “நீங்கள் பார்த்த நோயாளிகளில் யாரை மறக்க முடியவில்லை?” என்று கேட்டார். அது அவன் எழுதி வந்த எட்டுப் பக்கத்திலும் இல்லை. அவன் தடுமாறி, வேர்த்து, ஒருவாறு ஏதோ சொல்லிச் சமாளித்தான். லக்ஷிகாவுக்கு அந்த நேரத்தில் பாவமாகத்தான் இருந்தது. அவளும் அப்படி வேர்த்தவள்தான், வேறொரு மலையுச்சியில்.

மத்தியானம் எல்லாரும் ஆற்றங்கரையில் பிரிந்து உட்கார்ந்தார்கள். பிராண்ட் அம்மையார் தனியாக ஒரு மரமேசையில், தான் சாப்பிடக் கொண்டுவந்த பாண் பொதியை அவிழ்த்தார். சாப்பிடும் ஒருவரைப் போய்க் குழப்பக்கூடாது, அழைக்காமல் பக்கத்தில் உட்காரக்கூடாது, தன் வேலைக்குத் தானே சிபாரிசு பேசக்கூடாது. லக்ஷிகாவுக்குத் தெரிந்த மரியாதை எல்லாம் வரிசையாக வந்து வழியை மறித்தது. அவள் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள்.

“என் பெயர் லக்ஷிகா. இன்றைக்கு வழிகாட்ட என்னைக் கேட்டார்கள். நான் இல்லை என்று சொன்னேன். அது பொய். எனக்கு இந்த வேலை வேண்டும்.”

பிராண்ட் அம்மையார் வாயிலிருந்ததை விழுங்கினார். “வேண்டுமென்றால் ஏன் இல்லை என்றீர்கள்?”

“எங்கள் ஆட்கள் முதல் கேள்விக்கு ஓம் சொல்லமாட்டார்கள். கேட்பவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்ப்போம். திரும்பக் கேட்டால்தான் பதில்.”

“அப்படியானால் ஒரு சிக்கல் இருக்கிறது,” என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. “என் விடுதியில் நோயாளி வேண்டாம் என்றால், வேண்டாம்தான். நீங்கள் அவரை மூன்று தடவை கேட்டுத் தொந்தரவு செய்வீர்களா?”

இது பொறி என்று லக்ஷிகாவுக்குத் தெரிந்தது. ஆனால் விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. அது அவளுடைய இடம்.

“ஊசி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது அவருடைய உடம்பு. ஆனால் நோகிறதா என்று கேட்டால் வரும் ‘இல்லை’ வேறு.” சொல் கிடைக்காமல் கையால் வயிற்றைக் குறுக்கே கீறிக் காட்டினாள். “ஒரு ஐயா. வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள். காலையில் எல்லாத் தாதிகளும் கேட்டார்கள். நோவு இல்லை, நோவு இல்லை என்றார். எல்லாரும் எழுதிவிட்டுப் போனார்கள். அவருடைய கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் எல்லாம் வெள்ளை. நான் உட்கார்ந்து திரும்பக் கேட்டேன். அப்போதும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் இருந்து மூன்றாம் தரம் கேட்டேன். அழுதார். அவர் பொய் சொல்லவில்லை, அம்மா. எனக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று நினைத்தார்.”

அந்தக் கதையில் எத்தனை இலக்கணப் பிழை என்று எழுதி எண்ணினால் ஒரு கொப்பி போதாது. பிராண்ட் அம்மையார் பாணைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கள் கிழவிகளும் அப்படித்தான்,” என்றார். “உடைந்த இடுப்போடு படுத்துக்கொண்டு, ‘பரவாயில்லை, மற்றவர்களைப் பாருங்கள்’ என்பார்கள்.” பிறகு நாற்பது நிமிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். காயம் பற்றி, இரவுக் கடமை பற்றி, வைத்தியரோடு ஒத்துப்போகாதபோது என்ன செய்வீர்கள் என்பது பற்றி. லக்ஷிகா எல்லாவற்றுக்கும் முதல் தடவையே பதில் சொன்னாள். கடைசியில் அவர், “யோசித்துவிட்டு எழுதுகிறேன்,” என்று எழுந்தபோது, அவளும் எழுந்தாள்.

“எந்த நாள்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் பிராண்ட் அம்மையார் முதல் தடவையாகச் சிரித்தார். “புதன்கிழமை.”

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. மொழிப் பரீட்சையில் தேறியதும் ஒப்பந்தம், நான்கு மாதத்தில் வேலை. தாதியாக. லக்ஷிகா அதை மூன்று தடவை வாசித்துவிட்டு, முதியோர் இல்லத்தின் துணிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். ரவினேஷுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது, அடுத்த சுற்றில் மறுபடி வரச்சொல்லி. “அடுத்த முறை ஆற்றங்கரையில் நான்தான் முதலில் உட்காருவேன்,” என்று அவன் செய்தி அனுப்பினான்.

பின்னேரம் மாமி பென்ரோஸிலிருந்து வந்து வேலைச் சப்பாத்தைக் கழற்ற முன்னரே லக்ஷிகா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாமி அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மாமா யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவோடு சத்தமாகக் கதைத்து முடித்தார். ஆரவாரம் ஓய்ந்தபிறகு மாமி கதிரையில் உட்கார்ந்து கேட்டார்.

“அவ திருப்பிக் கேட்டவவோ?”

“இல்லை மாமி. நானாப் போய்க் கேட்டனான். எனக்கு வேணும் எண்டு சொன்னனான்.”

“நீயாவோ? வெக்கமா இருக்கேல்லையே?”

“இருந்தது. எண்டாலும் கேட்டனான்.”

மாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொதி கட்டும் நாடா அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கைகள்.

“என்னையும் கேட்டவை, பிள்ளை,” என்றார். “எங்கடை மகன் சுலக்ஷன் அப்ப முதலாம் வகுப்பிலை. நான் ஊரிலை பதினொரு வருசம் ரீச்சரா இருந்தனான் எண்டு ஆரோ சொல்லி, அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ. சின்னப் பிள்ளையளுக்கு உதவி ஆசிரியரா வாறீங்களோ எண்டு. நான், ஐயோ வேண்டாம், என்ரை இங்கிலீஷ் காணாது எண்டு சொல்லிச் சிரிச்சிட்டு வந்திட்டன்.”

“பிறகு?”

“அடுத்த நாள் நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டுதான் பிள்ளையைக் கூட்டப் போனனான். திருப்பிக் கேப்பா எண்டு. ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் சீலை மாத்தி உடுத்தனான்.” மாமி சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை. “அவ ஒருக்கால்தான் கேட்டவ.”

மாமா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் இது அவர் காதுக்கும் புதுக்கதை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. லக்ஷிகா அந்தக் கைகளைப் பார்த்தாள். தனக்கு மூன்று கிழமைகூட எடுக்காத ஒரு காரியம் இந்த மனுஷியின் கையில் இத்தனை வருடக் காய்ப்பாகக் கிடக்கிறதே என்று நினைத்தாள்.

“அந்தப் பள்ளிக்கூடம் இப்பவும் உங்கைதானே இருக்கு, மாமி. வேலை இருக்கோ இல்லையோ, போய்க் கேட்டுப் பாப்பம்.”

“உனக்கென்ன விசரே? ஐம்பத்தெட்டு வயசிலை. வேண்டாம்.”

“நாளைக்கு உங்களுக்கு லீவுதானே. வாங்கோ, கேப்பம்.”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் மாமி. இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

“எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?” என்று லக்ஷிகா கேட்டாள்.

மாமி எழுந்தார். சேலைத் தலைப்பு இல்லாததால் வேலைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒம்பதுக்கு மணி அடிச்சிடும். எட்டரைக்கே அங்கை நிக்கோணும்,” என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ச் சீலை அலுமாரியைத் திறந்தார்.